வராத வியாழக்கிழமை

தீனதயாளனைத் தெரிந்தவர்கள் யாரும் அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டார்கள். குடி இல்லை, பீடி இல்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து மனைவி மதுமதி கையில் கொடுத்துவிடுவான். கிருத்திகை தவறாமல் முருகனுக்கு விரதம். "தங்கமான ஆளுங்க, கோவம் மட்டும் கொஞ்சம்" என்பார்கள். கொஞ்சமாம்! ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷமும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இந்தச் சித்திரையில் அவனுடைய ஏழு வயது மகள் சண்முகப்பிரியாவின் வலது மணிக்கட்டை உடைத்தது.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருஷமாகத் தையல் லைன் சூப்பர்வைசர் அவன். ஆனால் கம்பெனியில் அவனுக்கிருந்த மரியாதை லைனை ஓட்டி வந்ததல்ல, ரெஜிஸ்டர் எழுதி வந்தது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, எந்த மெஷின், எத்தனை மணி, யார் தைத்தது என்று எழுத வேண்டும். குழந்தைகள் போடும் துணியில் ஊசித் துண்டு போய்விடக் கூடாதே என்று துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் வைத்த சட்டம். தினமும் எழுத யாருக்கு நேரம்? ஆடிட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது தீனதயாளன் பிளையரை எடுத்து நல்ல ஊசிகளாகப் பார்த்து உடைப்பான். ஆறு மாதத்து ஊசி ரெஜிஸ்டரை ஒரே மூச்சில் எழுதி முடிப்பான். அவனிடம் நான்கு பேனா உண்டு, நான்கும் வேறு வேறு நீலம். ஒரு பக்கத்தில் டீயைச் சிந்துவான், இன்னொன்றில் எண்ணெய் விரலை வைத்து எடுப்பான். தீயணைப்புப் பயிற்சி, முதலுதவிப் பெட்டி, எல்லா நோட்டுக்கும் இதே கைதான். எந்த ஆடிட்டரும் அதில் ஒரு பிசிறு கண்டுபிடித்ததில்லை. நடக்காததை நடந்ததாக எழுத ஒரு கைராசி வேண்டும் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எழுதி முடித்த ரெஜிஸ்டரை வீட்டில் பாய் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். வந்து பார்த்தால் மார்ச் மாதப் பக்கத்தில் ஒரு வீடு. இரண்டு ஜன்னல், கதவு, வாசலில் மூன்று ஆட்கள். பிரியா நாலாவது ஆளாகப் பூனைக்கு வால் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஆடிட். ரெஜிஸ்டரைப் பிடுங்கினான். விளையாட்டென்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு ஏறியது. கையைப் பிடித்து முறுக்கி இழுத்துத் தள்ளினான். டப்பென்று ஒரு சத்தம். ஊசி உடையும் சத்தத்தைவிடப் பெரிதாக இல்லை.

ஆஸ்பத்திரியில் "கீழ விழுந்துட்டாளுங்க" என்றாள் மதுமதி. "அப்பா இழுத்தாங்க" என்றாள் பிரியா. டாக்டர் இருவரையும் பார்த்தார், மாவுக்கட்டுப் போட்டார், போகும்போது ஒரு சீட்டில் விலாசம் எழுதி மதுமதியிடம் கொடுத்தார். அவள் அதைத் தீனதயாளன் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே சோமனூர் பஸ் ஏறிவிட்டாள். அப்பா வீடு அங்கேதான். அன்று மாலை போனில் பேசினாள், அழவில்லை.

"அந்தச் சீட்டுல இருக்கற எடத்துக்குப் போங்க. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை, பத்து வாரமாம். கோவத்த அடக்கச் சொல்லிக் குடுக்கறாங்களாம். ஏதோ நோட்டும் எழுதோணுமாமா. ஒழுங்காப் போனீங்கன்னா நானும் புள்ளையும் வர்றோம். இல்லீன்னா வரமாட்டோமுங்க."

இதுதான் கணக்கு. பத்து வாரம், ஒரு நோட்டு, பதிலுக்கு மனைவியும் மகளும். எழுதிப் பிழைத்தவனுக்கு இதைவிடச் சுலபமான கணக்கு யார் போட்டுக்கொடுப்பார்கள்?

அந்த வகுப்பு ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மாடியில் நடந்தது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு பேர். சொல்லிக்கொடுத்த சிவபிரகாஷுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மூச்சு விடச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார், அவனும் நம்மைவிடச் சின்னவன் என்று தீனதயாளன் உள்ளுக்குள் நொடித்துக்கொண்டான். எதற்காக வந்தோம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் மூக்கையா, தேனிப் பக்கத்துக்காரர், சாயப்பட்டறையில் பாய்லர் வேலை. அவர் எழுந்து நின்றே சொன்னார்.

"எம் பொண்டாட்டிய அறஞ்சேன் சார். அவளுக்கு இப்ப ஒரு காது கேக்காது. அந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. அதான் வந்தேன்."

தீனதயாளன் முறை வந்தது. "பாப்பா வெளையாடறப்ப நான் புடிச்சனுங்க. கை பெசகிப் போச்சு" என்றான். பிசகியதாம். இரண்டு எலும்பும் முறிந்த கைக்கு என்ன மரியாதையான வார்த்தை!

கடைசியில் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். எழுபது பக்கம், தைத்த நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாளாக, மே மாதம் நாலாம் தேதியிலிருந்து ஜூலை பன்னிரண்டு வரைக்கும் தேதியும் கிழமையும் அச்சடித்திருந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு கேள்வி. என்ன நடந்தது? உடம்பில் எங்கே தெரிந்தது? என்ன செய்தீர்கள்? பிறகு என்ன ஆனது?

"அழகா எழுதோணும்னு இல்லீங்க" என்றான் சிவபிரகாஷ். "அடிச்சிருந்தா அடிச்சேன்னு எழுதுங்க. எழுத முடியலைன்னா வெறும் பக்கமா விட்டுருங்க, பரவால்லீங்க. பொய் மட்டும் வேண்டாங்க. இது எனக்குக் காட்டறதுக்கு இல்லீங்க."

"நமக்கு எழுத வராது சார்" என்றார் மூக்கையா. கத்தின நாளுக்குப் பெருக்கல் குறி, அடக்கின நாளுக்கு வட்டம் போடுங்கள் என்றான் சிவபிரகாஷ்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், முதல் இரண்டு வாரம் தீனதயாளன் ஒழுங்காகத்தான் இருந்தான். கோபம் வருமுன் உடம்பில் ஓரிடம் சொல்லும், அதைக் கண்டுபிடியுங்கள் என்றிருந்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. முப்பத்தெட்டு வருஷம் அந்தக் காதோடு இருந்திருக்கிறான், அதுவரை அது சுடுவதைக் கவனித்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை டெய்லர் பாண்டியம்மாள் முந்நூறு பீஸுக்கு சைஸ் லேபிளை மாற்றித் தைத்துவிட்டாள். காது சுட்டது. வழக்கமாக அந்த இடத்தில் தைத்த துணிகளின் பீஸ்கட்டு அவன் கையிலிருந்து பறக்கும், பாண்டியம்மாளின் ஏழு தலைமுறையும் லைனுக்குள் வந்து நிற்கும். அன்று அவன் பேசாமல் குழாயடிக்குப் போனான். முகத்தில் தண்ணீரை அடித்தான், பத்து எண்ணினான், திரும்பி வந்து, "பிரிச்சுத் தெச்சுருங்கக்கா" என்றான்.

பாண்டியம்மாள் பயந்துபோனாள். "என்ன சார், ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

லைன் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை ஒரே பேனாவில் எழுதி முடித்தான். அத்தனை வருஷத்தில் நடந்ததை நடந்தபடி அவன் எழுதிய பக்கங்கள் அந்த இரண்டு வாரத்துப் பதினாலுதான். மதுமதி மட்டும் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் என்று நினைத்தான். மனது அப்படி ஏங்கியது.

பிறகு ஷிப்மென்ட் வந்தது. திருப்பூரில் ஷிப்மென்ட் வந்தால் சாமிக்கே லீவு கிடையாது, சிவபிரகாஷ் எந்த மூலைக்கு? இரண்டு ஞாயிறு வகுப்பு போயிற்று. சிவபிரகாஷிடமிருந்து போன் வந்தது. "அடுத்த வாரம் கண்டிப்பா வந்தர்றனுங்க" என்றான். காது சுட்டது, தண்ணீர் அடிக்க நேரமில்லை, பீஸ்கட்டு பழையபடி பறந்தது. நோட்டு பதினாலு பக்கத்தோடு டிபன் பைக்குள் கிடந்தது.

மே கடைசி வியாழக்கிழமை மாமனார் கந்தவேல் போன் செய்தார். சோமனூரில் ஆறு விசைத்தறி வைத்திருப்பவர், சுருக்கமாகப் பேசுபவர்.

"மாப்ள, திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது. புள்ளைய இங்க சேக்கறதா, அங்கயே அனுப்பறதான்னு தெரியோணும். பத்து வாரம் வரைக்கும் பள்ளிக்கூடம் காத்துட்டு இருக்குமுங்களா? ஞாயித்துக்கெழம அந்த நோட்ட எடுத்துட்டு வாங்க. மது பாக்கோணுமாமா."

நோட்டைப் பார்க்கப்போகிறார்கள் என்றதும் தீனதயாளனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். வெள்ளிக்கிழமை மதியம் பேக்கிங் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நான்கு பேனாக்களையும் எடுத்து வரிசையாக வைத்தான். விட்டுப்போன நாட்களை நிரப்ப அரைமணி நேரம்கூட ஆகவில்லை. லைனில் சண்டை, கட்டிங்கில் சண்டை, கரண்ட் போனது, எல்லாவற்றிலும் காது சுட்டது, எல்லாவற்றிலும் பத்து எண்ணினான். ஒரு பக்கத்தில் டீயும் சிந்தியாயிற்று.

அதோடு மூடியிருக்கலாம். மூடியிருந்தால் இந்தக் கதையே வேறு. அடுத்த பக்கம் ஜூன் ஒன்று. அன்றைக்கு அவர்களைக் கூட்டிவந்துவிடுவோம் என்று நினைத்தான். அப்படியானால் ஜூன் இரண்டாம் தேதி அவர்கள் வீட்டில் இருப்பார்கள். பேனா நிற்கவில்லை. பிரியா யூனிபார்ம் போட மாட்டேன் என்கிறாள். மதுமதி குழம்பில் உப்பை மறந்துவிடுகிறாள். பிரியா டிவியை நிறுத்தமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் அவனுக்குக் கோபம் வருகிறது, ஒவ்வொரு பக்கத்திலும் அவன் அதை அடக்குகிறான். எழுத எழுத வீட்டில் ஆள் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. பால் பொங்கும் வாசனைகூட வந்தது. அந்த ஒரு மாதத்தில் அவன் சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். ஜூலை பன்னிரண்டில் வந்துதான் பேனாவை மூடினான்.

மூடிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. கிழிக்க முடியாது. தைத்த நோட்டு, ஒரு தாளைக் கிழித்தால் எதிர்த்தாளும் கையோடு வரும். ஆபீஸிலிருந்து ஒரு பெரிய கிளிப் எடுத்து, ஜூன் ஒன்றிலிருந்து கடைசி வரை சேர்த்துக் கவ்விவைத்தான். "அதுக்கப்பறம் இன்னும் எழுதலீங்க" என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகாமல் சோமனூர் போனான். பேசுவதற்காகக் கந்தவேல் தறிகளை நிறுத்தியிருந்தார். "வாங்க மாப்ள" என்று நாற்காலி போட்டார். குழந்தையின் மாவுக்கட்டைப் பிரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பிரியா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், முகத்தில் பாதி தெரிந்தது, அந்தக் கை தெரிந்தது. வெளுத்து, மெலிந்து, மற்றக் கையோடு சேராத கையாக இருந்தது.

"கண்ணு, அப்பாகிட்ட வா சாமி" என்றான். அவள் அசையவில்லை.

மதுமதி நோட்டை வாங்கித் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். பாண்டியம்மாள் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இது நெசமாலுமாங்க? அந்தக்கா மேல பீஸ்கட்டு வீசலீங்களா?"

"அந்தக்காகிட்டயே கேட்டுப் பாரு மது. சத்தியமா."

அவள் முகம் இளகியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் அதைப் பார்க்கிறான். இன்னும் பத்துப் பதினைந்து பக்கம் புரட்டிவிட்டு, "அப்பா, பிரியாவை இங்க சேக்க வேண்டாம்னு நெனைக்கறனுங்க" என்றாள். கந்தவேல் தலையாட்டினார். தீனதயாளனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பழனிக்கு நடந்தே வருகிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டான்.

ஆனால் மதுமதி கல்யாணத்துக்கு முன் அதே கம்பெனியில் ஏழு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். செக்கிங்காரர்கள் சட்டை கைக்கு வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். வெளிப்பக்கம் எல்லாச் சட்டையும் அழகாகத்தான் இருக்கும். சந்தேகப்பட்டு அவள் செய்யவில்லை. நோட்டை மூடும்போது பழக்கத்தில் கை பின்பக்கம் போயிற்று, கிளிப்பை எடுத்தது.

"அது இன்னும்..." என்று எழுந்தான் அவன்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். "ஜூன் 26, வியாழன். என்ன நடந்தது? காலையில் பாப்பா பால் தம்ளரைத் தட்டிவிட்டாள். உடம்பில் எங்கே? காது. என்ன செய்தீர்கள்? பத்து எண்ணினேன். கொடியில் கிடந்த துணியை மடித்தேன். அடிக்கவில்லை. பிறகு? பாப்பா பயந்து கதவுக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்."

கந்தவேல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு ஜூன் ஒண்ணுதானுங்களே மாப்ள" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

"ஆசைல எழுதிட்டனுங்க மாமா. மது, நீங்க ரெண்டு பேரும் ஊட்டுல இருக்கற மாதிரி நெனச்சு எழுதுனேன். வேற ஒண்ணுமில்ல. உன்மேல சத்தியமா ஆசைலதான்..."

மதுமதி அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஆசைலதான் எழுதுனீங்க, தெரியுதுங்க" என்றாள். "அப்படி ஆசையா எழுதறப்பவாவது, அவ பாலக் குடிச்சுட்டுப் பள்ளிக்கூடம் போனான்னு எழுதக்கூடாதுங்களா? இன்னும் வராத வியாழக்கெழமைக்கும் எம்புள்ள கதவுக்குப் பின்னாலதான் நிக்கோணுமா?"

அவன் கதவைப் பார்த்தான். அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவமானமா, துக்கமா, என்ன எழவோ, காது சுட்டது. அவன் ஒரு அடி எடுத்து வைத்ததும் பிரியா உள்ளே ஓடினாள், மதுமதி சட்டென்று எழுந்து வாசற்படியை மறித்து நின்றாள், கந்தவேல் அவன் தோளைத் தொட்டார். அவன் திரும்பி வெளியே போனான். தறிக்கொட்டகைக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்தான். பத்து எண்ணினான். அடங்கவில்லை, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினான். இந்த முறை பொய்யில்லாமல், நாலாவது பத்தில் அடங்கியது. அதைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

அவன் திரும்பி வந்தபோது நாற்காலி மேல் நோட்டு இருந்தது. கிளிப்பைப் பழையபடி போட்டிருந்தார்கள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"போயிட்டு வாங்க மாப்ள" என்றார் கந்தவேல். "புள்ள இங்கயே படிக்கட்டும். தப்பா நெனைக்காதீங்க." கொஞ்ச நேரத்தில் தறிகள் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்டது.

அடுத்த ஞாயிறு அவன் வகுப்புக்குப் போனான். போகாமல் வேறெங்கே போவது? எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான், இரண்டு எலும்பும் முறிந்ததிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. மூக்கையா அவன் முதுகில் கையை வைத்து எடுத்தார். அவருடைய நோட்டில் பெருக்கல் குறிகள்தான் நிறைய, வட்டம் ஐந்தோ ஆறோ இருந்தது. அவர் மனைவி அந்த வட்டங்களை அவ்வப்போது எண்ணிப் பார்ப்பாளாம். புது நோட்டு ஒன்று கிடைக்குமா என்று தீனதயாளன் கேட்டான். அச்சடித்தது தீர்ந்துவிட்டது என்றான் சிவபிரகாஷ். "பழைய நோட்டுலயே ஓரத்துல எடம் இருக்குமுங்க, அதுல எழுதுங்க."

ஜூன் இருபத்தாறு வந்தது. வியாழக்கிழமைதான். காலையில் கடைக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கினான். அந்த வீட்டில் பால் காய்ச்சி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சி, பிரியாவின் சின்னத் தம்ளரில் ஊற்றி, அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பைத்தியக்காரத்தனம்தான், அவனுக்கே தெரியும். பால் ஆறி ஆடை படர்ந்தது. கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. பாலைத் தொட்டியில் ஊற்றித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

கிளம்புமுன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தான். ஓரத்தில் எழுத இடம் இருந்தது. மேலே எழுதியிருந்ததை ஒரு முறை படித்தான். பாப்பா பால் தம்ளரைத் தட்டவில்லை. காது சுடவில்லை. கதவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் பலித்திருந்தது: அடிக்கவில்லை.